திரையில் வராத எல்லைக்கோடு

திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னை வீட்டில் வந்து பார்த்த அன்று, உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். கணினித் திரையில் படம் வரைந்து காட்டும் கிராபிக்ஸ் அட்டையைச் செய்கிற நிறுவனங்களில் சில, தங்கள் டிரைவரின் மூலநிரலை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கின்றன. சில பூட்டியே வைத்திருக்கின்றன. ஏன் இப்படி என்று. காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடக்கூடிய விடைதான். ஆனால் அப்படிச் சொன்னால் அது உங்களிடம் தங்காது. எனக்கு அந்த விடை, உடன் பணியாற்றிய ஒரு பெண்ணின் வேலை போகவிருந்த காலத்தில், துண்டு துண்டாகக் கிடைத்தது. கிடைத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டிரைவர் எதுவென்று உங்களில் பலருக்குத் தெரியும். கணக்குப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் மென்பொருள் "இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு" என்று சொல்லும். அட்டைக்கு அந்த மொழி தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் நிரல்தான் டிரைவர். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் பேசியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

1995இல் அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் திட்ட அலுவலகத்தில் நான் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது, சுரங்கத்தின் மேடுபள்ளங்களை முப்பரிமாணத்தில் காட்டும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. பெட்டி, திரை, அட்டை, இயங்குதளம் என்று அனைத்தையும் ஒரே நிறுவனம் செய்திருந்தது. கோளாறு வந்தால் ஒரே கதவைத் தட்டினால் போதும். காலம் போகப்போக அதன் உதிரிப்பாகங்கள் கிடைக்காமல் போயின. ஆகவே நாங்களும் சாதாரணக் கணினிகளுக்கு மாறினோம். பெட்டி ஒருவருடையது, அட்டை வேறொருவருடையது, இயங்குதளம் யாவருக்கும் பொதுவான லினக்ஸ். செலவு பெரிதும் குறைந்தது. தட்ட வேண்டிய கதவு எது என்பது மட்டும் தெளிவில்லாமல் போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கதைக்கு அவை முக்கியம்.

முதலாவது, கோடுகளைப் பற்றியது. கையால் வரைந்த காலத்திலிருந்து வந்தது. தரையில் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு முழுக்கோடு: பாதை, வேலி, வெட்டிய படி, வாய்க்கால். சட்டத்தில் மட்டும் இருக்கும் பொருளுக்கு இடைவிட்ட கோடு. அடுத்தவர் நிலத்துக்கு இவ்வளவு தூரத்துக்குள் வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லை அப்படிப்பட்டது. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. தாளில் மட்டுமே இருக்கும். ஆனால் அந்தக் கோட்டை நம்பித்தான் அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, தாள்களைப் பற்றியது. பெரிய வரைபடங்களைப் போடும் பிளாட்டர் இயந்திரம் ஒன்றுதான். அதன் மை திருச்சியிலிருந்து வர வேண்டும். ஆகவே அதிகாரபூர்வமான படங்களுக்கு மட்டும் பிளாட்டர். அன்றாடம் களத்துக்குப் போகும் தாளுக்கு, திரையில் தெரிவதை அப்படியே சிறிய அச்சுப்பொறியில் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அதை "திரைத்தாள்" என்போம். வரைபடமும் திரைத்தாளும் ஒன்றல்ல என்பது எங்களுக்கு நாளடைவில் மறந்தே போயிருந்தது.

திரைத்தாள் எடுத்துக் கொடுத்தவர் வளர்மதி. குன்னத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். பெரம்பலூரில் டிப்ளமோ படித்தவர். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை. வரையும்போது என்ன வரைகிறார் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வரையும் பழக்கம் அவருக்கு. "இப்ப வாய்க்கால்... வாய்க்கால் முடிஞ்சிச்சு... இப்ப பாத..." என்று அந்த முணுமுணுப்பு என் மேசைவரை கேட்கும். அது நின்றுவிட்டால் ஏதோ பிழை என்று நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

அட்டையை விற்ற கடைக்காரரின் ஆள் ஒருமுறை வந்து, தயாரிப்பாளரின் புதிய டிரைவரைப் போட்டுவிட்டுப் போனார். அதுவரை திணறித் திரும்பிய சுரங்கப் படம் அதன் பிறகு வழுக்கிக்கொண்டு திரும்பியது. சுரங்க மேலாளரே வந்து பார்த்தார். வளர்மதி படத்தைச் சுழற்றிக் காட்டி, "சார், நம்ம கொவாரிக்குப் பாட்டு மட்டுந்தான் பாக்கி. போட்டா படம் ரிலீஸ் பண்ணிரலாம்" என்றார். மேலாளர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

அது நடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன; 2005 என்று நினைவு. தை மாதம். சுரங்கத்தைச் சுற்றிய காடுகளில் மக்காச்சோளம் முறித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு முற்பகல், வெடிப்பகுதியின் போர்மேன் அந்தோணிசாமி என் மேசைக்கு வந்தார். வரதராஜன்பேட்டைக்காரர். சத்தமாகப் பேசுகிறவர் அன்று சத்தமில்லாமல் ஒரு திரைத்தாளை என் முன்னால் விரித்தார்.

"மேடம், இதுல எல்லைக்கோடு எங்க?"

பார்த்தேன். பாதை இருந்தது, வேலி இருந்தது, துளை போட வேண்டிய புள்ளிகள் அனைத்தும் இருந்தன. பாதுகாப்பு எல்லை இல்லை.

"துளை போட்டாகிவிட்டதா?"

"போட்டாச்சு. வெடிமருந்து வெக்கல. சோளம் காயவெச்சுக்கிட்டிருந்த அம்மா ஒண்ணு வந்துச்சு. 'போன வருசமெல்லாம் அந்தப் பனமரத்துக்கு அந்தாண்டயே நின்னுக்கிட்டீங்க, இப்ப என்னாத்துக்கு எங்க கெணத்த மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க'ன்னு கேட்டுச்சு. அப்பறந்தான் நிமிந்து பாத்தேன். உள்ள வந்துட்டோம் மேடம். நல்லாவே உள்ள வந்துட்டோம்."

"வெடித்திருந்தால்?"

"கெணறு புதுசா உற எறக்கினது. நின்னுருக்காது. பக்கத்துல ஆளு இருந்துருந்தா..." அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

வளர்மதியின் முணுமுணுப்பு நின்றிருந்தது.

அவருடைய கணினியில் படத்தைத் திறந்தோம். எல்லைக்கோடு தன் இடத்தில் அழகாக இருந்தது. அதுதான் வளர்மதிக்குக் கெடுதலாகப் போயிற்று. கோடு திரையிலும் காணாமல் போயிருந்தால் இயந்திரத்தைச் சந்தேகித்திருப்பார்கள். தாளில் இல்லாத கோடு திரையில் இருக்கிறது என்றால், முன்தினம் யாரோ எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் திரும்பப் போட்டிருக்கிறார் என்றுதான் தோன்றும்.

மேலாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் கெட்டவர் அல்லர் என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அவர் உடனே அறிக்கை அனுப்பியாக வேண்டும். காரணம் என்ற இடத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும்.

"அந்தப் பொண்ணு கோட்ட மறச்சு வெச்சு வேல செஞ்சிருக்கு. திரும்பப் போட மறந்து தாள் எடுத்திருச்சு. அவ்வளவுதான். நீங்க ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க மேடம்" என்றார்.

"அவர் இல்லை என்கிறாரே, சார்."

"யார்தான் ஆமாம்பாங்க?"

"இயந்திரத்தின் பிழையாகவும் இருக்கலாம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மெஷின் தப்புன்னு எழுதினா, எந்த மெஷின், என்ன தப்புன்னு கேப்பாங்க. உங்களால சொல்ல முடியுமா? ஆள் தப்புன்னு எழுதினா அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பணிக்காலம் முழுவதும் என்னோடு வந்த வாக்கியம் இது. ஒரு பிழைக்கு மனிதர் காரணம் என்றால் விசாரணை அங்கே முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் காரணம் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. நான் மறுநாள்வரை நேரம் கேட்டேன். அரைமனதோடு தந்தார்.

வளர்மதி அழவில்லை. தன் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"வேல போனா போவுது மேடம். மக்காச்சோளம் முறிக்கப் போனாலும் கூலி குடுப்பாங்க. ஆனா வெடி வெக்கிற எடத்துல கோட்ட அழிச்சவன்னு பேரு வந்திச்சின்னா, இனி எந்த ஆபீஸ்ல என்னயச் சேத்துக்குவாங்க?"

"நீ அழித்தாயா?"

"இல்ல."

"மறைத்து வைத்தாயா?"

"இல்ல மேடம். என்னா பண்ணேனோ எல்லா நாளும் பண்றதத்தான் பண்ணேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் விடை இருந்தது. எனக்கு அப்போது அது காதில் விழுந்ததே தவிர மனத்தில் விழவில்லை.

அட்டை விற்ற கடைக்குத் தொலைபேசினேன். "டிரைவர் கம்பெனிலேருந்தே வந்தது மேடம், அதுல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. டேட்டாவப் பாருங்க" என்றார்கள். எங்கள் சுரங்க மென்பொருளைச் செய்தவர்கள், "நாங்கள் கோடு போடச் சொல்கிறோம், போடுவது டிரைவர்" என்றார்கள். அந்த மென்பொருளுக்கும் அட்டைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க எனக்கு வழியில்லை. லினக்ஸின் மற்ற எந்தப் பகுதியாக இருந்தாலும் மூலநிரலைத் திறந்து, நான் படித்துப் புரிந்துகொள்ள முயன்றிருப்பேன். இந்த ஒரு பகுதி மட்டும் தயாரிப்பாளர் மூடி முத்திரையிட்டுக் கொடுத்தது. வீடு முழுவதற்கும் சாவி இருந்தது. பொருள் காணாமற்போன அறைக்கு மட்டும் இல்லை.

கடைசியாக, அட்டைத் தயாரிப்பாளரின் பெங்களூர் உதவி எண்ணை முயன்றேன். இளவயதுக் குரல் ஒன்று ஆங்கிலத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டது. லினக்ஸ் என்றதும், "அதற்கு நாங்கள் பொறுப்பேற்பதில்லை" என்ற மனப்பாட வரியைச் சொன்னது. நான் இடம், அலுவலகம் என்று விவரம் சொன்னபோது குரல் சட்டென்று தமிழுக்கு மாறியது.

"அரியலூருங்களா? எனக்குத் திருமழபாடிங்க மேடம்."

அதற்குப் பிறகு அவர் பொறுமையாகக் கேட்டார். கிணறு, துளைகள், வளர்மதி எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு:

"மேடம், அந்தக் காணாமப் போன கோடு, விட்டு விட்டுப் போட்ட கோடுங்களா?"

"ஆமாம்."

"கோட்டோட ஓரத்த மழமழன்னு காட்டுற வசதி ஒண்ணு இருக்குமே, அத ஆன் பண்ணி வெச்சிருந்தாங்களா?"

"தெரியவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கேள்விதாங்க மேடம் கேட்டேன். பதில் எதுவும் சொல்லல. சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்லைங்க. என் பேரு எங்கயும் வராம பாத்துக்குங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு வளர்மதியிடம் போனேன்.

"நேற்றுத் தாள் எடுத்தபோது செய்த அனைத்தையும் என் கண்முன் அப்படியே செய். ஒன்றும் விடாதே."

அவர் செய்தார். வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே. "இப்ப மேலேருந்து பாக்கற மாதிரி வெக்கிறேன்... இப்ப பெருசு பண்றேன்... இப்ப மெனு எல்லாம் மறைக்கிறேன்... இப்ப கோட்ட மழமழன்னு ஆக்கறேன்..."

"இதை எதற்குச் செய்கிறாய்?"

"இல்லன்னா பிசிறு பிசிறா வரும் மேடம். அந்தோணி அண்ணன் கண்ணாடி போட மாட்டாரு. போட்டா வயசாயிடுச்சும்பாங்களாம். அவருக்குத் தெளிவா தெரியட்டுமேன்னு தாள் எடுக்கறப்ப மட்டும் போட்டு விடுவேன்."

சொல்லிக்கொண்டே அந்த வசதியை இயக்கினார். முழுக்கோடுகள் எல்லாம் பட்டுப்போல ஆயின. இடைவிட்ட கோடு திரையிலிருந்து போய்விட்டது. வசதியை நிறுத்தினார். கோடு திரும்பி வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மனிதரின் கண்ணுக்காக அவர் எடுத்துக்கொண்ட அக்கறையும் புதிய டிரைவரின் பிழையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் கோடு விழுந்து போயிருந்தது. தாள் எடுக்கும்போது அவர் பார்வை அச்சுப்பொறியின் மேல் இருக்கும். திரையை யாரும் பார்ப்பதில்லை.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விடை கிடைத்துவிட்டது. ஆனால் வளர்மதியின் கணினியில் வளர்மதியின் கோப்பை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் இதைக் காட்டினால், மேலாளர் நம்புவதற்கு என்ன கட்டாயம்? பெங்களூர்க்காரர் சொன்னார் என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். அந்த ஒரு வரி, இங்கே ஒருவரின் வேலையைக் காத்து அங்கே ஒருவரின் வேலையைப் பறித்திருக்கும். உண்மை தெரிந்தவர் பேச முடியாத இடத்தில், அவரைப் பேசவைக்காமல் உண்மையைக் காட்டுவதற்கு வழி தேடுவது நம் பொறுப்பு.

மேலாளர் அறையின் அலமாரியில் எங்கள் கோப்புகளின் பழைய பிரதி ஒன்று குறுந்தகட்டில் இருந்தது. அவர் கையாலேயே பூட்டி, சாவியை அவரே வைத்திருந்தார். மறுநாள் காலை அவரிடம் போய், "சார், அந்தத் தகட்டை நீங்களே எடுத்து வாருங்கள். அதே அட்டையும் டிரைவரும் உள்ள வேறு கணினியில் நீங்களே திறங்கள். நாங்கள் விசைப்பலகையைத் தொட மாட்டோம்" என்றேன்.

அவர் வந்தார். அந்தோணிசாமியும் வந்து சுவரோரம் நின்றார். வளர்மதி கைகளைக் கட்டிக்கொண்டு, மேசையிலிருந்து தள்ளி நின்றார். மேலாளர் தாமே தகட்டைப் போட்டு, படத்தைத் திறந்து, நான் சொன்ன வசதியை இயக்கினார். கோடு மறைந்தது. நிறுத்தினார். வந்தது. மறுபடியும் இயக்கினார். மறைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி, பொண்ணு அழிக்கல. ஆனா இது அட்டையோட தப்பா, நம்ம மென்பொருளோட தப்பா? அதக் கேப்பாங்களே."

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். தயாரிப்பாளரின் டிரைவரை எடுத்துவிட்டு, லினக்ஸோடு வரும் திறந்த டிரைவரைப் போட்டேன். அதற்கு அந்த அட்டையின் முப்பரிமாணத் திறமைகள் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அவற்றைப் பற்றி யாரும் அதை எழுதியவர்களுக்குச் சொல்லவில்லை. படம் முழுவதையும் கணினியே கைவேலையாக வரைய வேண்டும். படம் மேலிருந்து கீழாகத் திரையில் ஊர்ந்து இறங்கியது.

"என்னா மேடம், மாட்டுவண்டில வருது" என்றார் அந்தோணிசாமி.

"வரட்டும்ணே. என்னா ஏத்திக்கிட்டு வருதுன்னு பாப்போம்" என்றார் வளர்மதி. அந்த இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது.

வசதி இயக்கத்தில்தான் இருந்தது. வேலி வந்தது. பாதை வந்தது. கடைசியில், ஒவ்வொரு கீற்றாக, இடைவிட்ட கோடு பனைமரத்துக்கு அந்தப் பக்கமாக ஓடிப் போய் முடிந்தது.

அந்தோணிசாமி கிட்டே வந்து அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மேலாளர் என்னைக் கேட்டார். "இந்த வசதியப் போட்டுப் பாக்கணும்னு எப்படித் தோணிச்சு? கம்பெனில யாராவது சொன்னாங்களா? சொல்லியிருந்தா பேரப் போடுங்க. அறிக்கைக்கு வலு."

"நீங்களே கண்ணால் பார்த்ததைவிட வலு எதற்கு, சார்?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். மேற்கொண்டு கேட்கவில்லை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் டிரைவரின் பிழையும், திரைத்தாளை வரைபடமாக எண்ணிய எங்கள் வழக்கமும் இடம்பெற்றன. யாருடைய பெயரும் இடம்பெறவில்லை. துளைகளை மண்ணிட்டு மூடினார்கள். களத்துக்குப் போகும் தாள்களும் பிளாட்டரிலேயே வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அன்று மாலை கிளம்பும்போது மேலாளர் வளர்மதியின் மேசையருகே நின்று, "அந்த மாட்டுவண்டியவே வெச்சுக்கம்மா. மெதுவா வந்தாலும் பரவால்ல" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. ஆனால் வளர்மதியின் ஒப்பந்தத்தை அந்த ஆண்டு அவர் தாமாகவே கேட்டு வாங்கிப் புதுப்பித்தார்.

பங்குனியில், திருமழபாடி நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு ஊர் வந்த ஓர் இளைஞர் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன். வளர்மதியிடம், "அன்று கேள்வி மட்டும் கேட்டவர்" என்று அறிமுகம் செய்தேன். வளர்மதி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ. கோட்ட முழுங்கினது நீங்கதானா?"

"நான் இல்லீங்க. நான் முழுங்கினதப் பாத்தவன்."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்களா?"

"கம்பெனிக்குள்ள எழுதிப் போட்டேங்க. வரிசைல நிக்குது. விளையாட்டுக்கு அட்ட வாங்கறவங்க லட்சம் பேரு. அவங்களுக்கு விட்டு விட்டுப் போட்ட கோடே வேண்டாம். உங்கள மாதிரி ஆளு கொஞ்சம் பேரு. வரிசை நகராது."

தேநீர் வந்தது. நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியை அன்று வளர்மதி அவரிடம் கேட்டார்.

"சரி, உங்களுக்கு நேரமில்ல. தொறந்து வுட்டீங்கன்னா நாங்களே சரி பண்ணிக்குவோமே. என்னாத்துக்குப் பூட்டு?"

அவர் விரல் மடக்கி எண்ணாமல், மெதுவாக, யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த நிரல் முழுக்க அவர்களுடையதே அல்ல. சில பகுதிகளை வேறு நிறுவனங்களிடமிருந்து, வெளியே காட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். கொடுக்க நினைத்தாலும் அது அவர்கள் கொடுக்கும் பொருளல்ல. அடுத்தது வழக்கு பயம். இந்தத் துறையில் எதைச் செய்தாலும் யாரோ ஒருவரின் காப்புரிமையை மிதிக்காமல் நடப்பது கடினம். நிரலைத் திறந்து வைத்தால் முதலில் படிப்பவர்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களாகத்தான் இருப்பார்கள். போட்டியாளர்களும் படிப்பார்கள். அட்டையின் வேகத்தில் ஒரு பெரும்பங்கு அதிலுள்ள 'சிப்' எனும் சில்லில் இல்லை, டிரைவரில் செய்யும் வித்தைகளில்தான் இருக்கிறது.

அதோடு இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பொதுவா இந்தத் தொழில்ல ஒண்ணு உண்டுங்க. ஒரே சில்லு. ஒண்ணு விளையாட்டுக்காரங்களுக்குக் கம்மி விலைல. இன்னொண்ணு பொறியாளர்களுக்கு ஒசந்த விலைல. வித்தியாசம் பாதி டிரைவர்லதான். அதத் தொறந்து வெச்சா எவன் ஒசந்த விலை குடுப்பான்?"

"அப்ப தொறந்து வுடறவங்க எல்லாம் தரும பிரபுங்களா?" என்றார் அந்தோணிசாமி. தேநீருக்காக வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"இல்லீங்கண்ணே. அவங்களுக்கு லாபம் வேற எடத்துல. கணினியோட மூளையச் செய்யற கம்பெனி, படம் காட்டற சில்லயும் அதோட சேத்தே குடுக்குது. டிரைவர் எல்லா எடத்துலயும் ஓடினா அவங்க மூளைதான் கூட விக்கும். அதனால தொறக்கறாங்க. பெரிய பெரிய ஆராய்ச்சிக் கூடமெல்லாம் தொறந்தாத்தான் வாங்குவோம்னு சொன்னா, அப்பவும் தொறப்பாங்க. பழைய அட்டைக்கெல்லாம் ஆள் வெச்சுப் பாக்கறது செலவு. தொறந்துட்டா ஊரே பாத்துக்குமில்லியா, அதுக்காகவும் தொறப்பாங்க."

"அப்ப நல்லவன் கெட்டவன்னு ஒண்ணுமில்ல" என்றார் வளர்மதி. "யாருக்கு எங்க லாபமோ அங்க தெறக்குது கதவு."

"ஆமாங்க. ஆனா..." அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "உள்ள உக்காந்திருக்கறவனுக்கு அது அவ்வளவு லேசில்லீங்க. அன்னிக்கி மேடம் கெணத்தப் பத்திச் சொன்னப்ப எனக்கு விடை தெரியும். தெரிஞ்சும் கேள்வியா மாத்தித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. போனை வெச்சுட்டு வெளிய போயி நின்னுட்டேன்."

வளர்மதியின் முகம் இளகியது. அவருக்கு இன்னொரு தம்ளர் தேநீர் சொல்லிவிட்டார். "கேள்வியாச்சும் கேட்டீங்களே. கடக்காரரு அதுகூடக் கேக்கல" என்றார்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதிகமில்லை. பூட்டி வைக்கிறவர்களை வையாதீர்கள். அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. திறந்து வைக்கிறவர்களைத் தொழவும் வேண்டாம். அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. ஓர் அட்டையை வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிழை செய்தால், அந்தப் பிழையை என் அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது என்றால் அந்தப் பிழை என்றாவது ஒரு நாள் மனிதர் ஒருவரின் பெயரில் எழுதப்படும். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரின் பெயரில்.

அடுத்தமுறை கணினிகள் வாங்கியபோது, வேகம் குறைவானாலும் திறந்த டிரைவர் கொண்டவற்றையே கேட்டு வாங்கினேன். மேலாளர் மறுபேச்சில்லாமல் ஒப்புதல் தந்தார். அவை 2007இல் வந்தன. வளர்மதி முதல் வேலையாக இடைவிட்ட கோட்டைப் போட்டு, மழமழப்பு வசதியை இயக்கினார். கோடு இருந்தது. ஆனால் முனை திரும்பும் இடங்களில் இடைவெளி அடைபட்டு, கொஞ்ச தூரத்துக்கு முழுக்கோடாகத் தெரிந்தது.

"மேடம், இதுவும் தப்பாத்தான் காட்டுது."

"தெரிகிறது. எழுது."

"யாருக்கு?"

"எழுதியவர்களுக்கே. முகவரி டிரைவரின் மூலநிரல் கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது."

அவர் தயங்கினார். அவருடைய ஆங்கிலத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை. நான் திருத்தித் தருவதாகச் சொன்னேன். திருத்துவதற்கு ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. பிழை தெரியும் ஒரு சிறிய படத்தையும் சேர்த்து அனுப்பினார். எந்த நாட்டிலோ இருந்த ஒருவர் பதிலில் இரண்டு கேள்விகள் கேட்டார். விடையை மறைத்துக் கேட்ட கேள்விகள் அல்ல, தெரியாததால் கேட்டவை. வளர்மதி சோதித்துப் பார்த்துப் பதில் எழுதினார். திருத்தம் வந்தது. அதை நிறுவிப் பார்த்தபோது கோடு முனைகளிலும் சரியாக விட்டுவிட்டு ஓடியது.

திருத்தத்தோடு வந்த குறிப்பில், பிழையைக் கண்டு சொன்னவர் என்று ஒரு வரி இருந்தது. நான் அதைத் திரையில் பெரிதாக்கி அவரிடம் காட்டினேன். "வளர்மதி, அரியலூர்" என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. அறிக்கை ஒன்றில் காரணம் என்ற இடத்தில் எழுதப்படவிருந்த பெயர் அது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிடுவாரோ என்று நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மேடம்."

"சொல்."

"ஊரத் தப்பாப் போட்டிருக்காங்க. நான் குன்னம்."

"அலுவலக முகவரியைப் பார்த்துப் போட்டிருப்பார்கள்."

"தப்பு தப்புதான மேடம். எழுதலாமில்ல?"

எழுதினார். அதையும் திருத்தினார்கள்.